பதினோராம் தரத்துக்குப் பிறகு பஸ் ஏற வேண்டும்

மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படித்த மாணவி அவள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’. பெறுபேறு வந்த அன்று மாலையே லயத்து வீட்டில் பேச்சு பஸ் பக்கம் திரும்பிவிட்டது. அவளுடைய பாடசாலையில் பதினோராம் தரத்தோடு வகுப்புகள் முடிந்துவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போக வேண்டும்.

இலங்கையில் ஐந்தாம் தரம் வரை ஆரம்பப் பிரிவு. ஆறிலிருந்து ஒன்பது வரை கனிஷ்ட இடைநிலை. பத்தும் பதினொன்றும் சாதாரண தரம், அடுத்த இரண்டு வருடம் உயர்தரம், அதன்பின் பல்கலைக்கழகம். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் போராடிக் கொண்டுவந்த இலவசக் கல்வியால் அரச பாடசாலையில் தொடங்கிப் பட்டம் வரை படிக்கலாம். பாடநூலும் சீருடைத் துணியும்கூட அரசே கொடுக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேரை டாக்டராக்கிய ஏற்பாடு இது.

ஆனால் பாடசாலைக்குப் பாடசாலை வகை வேறு. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானம் உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை அதற்கும் முன்பே. பெயர்ப்பலகையில் இதை எழுதுவதில்லை, பெற்றோருக்கோ மனப்பாடம். பத்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்காக ரியூஷன் ரியூஷனாக அலைவது எதற்கு? ஆறாம் தரத்திலேயே பேர்போன 1ஏபி பாடசாலை ஒன்றில் இடம் பிடிக்கத்தான்.

உயர்தரம் முடிந்தால், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மலையகத்து நுவரெலியாவும் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. இந்த ஒதுக்கீடு வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் அது மாவட்டத்தை ஒரே அலகாகப் பார்க்கிறது. நகரத்துக் கல்லூரிக்கும் தோட்டப் பாடசாலைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. விஞ்ஞானப் பிரிவுக்கே போக முடியாத பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு இறங்கினால்தான் என்ன? தோட்டங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடமும் பௌதிகம், இரசாயனம், உயிரியலுக்கு ஆசிரியர்களும் முதலில் வேண்டும்.

அந்த மாணவியின் தாய் கொழுந்து பறிக்கப் போகிறவள்; விடியற்காலை இருட்டில் மகளைத் தனியே பஸ் ஏற்றிவிட அவளுக்கு மனம் வரவில்லை. நடந்து போகும் தூரத்தில் ஒரு 1சி பாடசாலை இருந்தது. மகள் அங்கே கலைப்பிரிவில் சேர்ந்தாள்.