பையில் ஒரு இரண்டாம் திரை: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மாதத்தில் பத்து நாள் காரைக்குடியில் அம்மாவுடன் இருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கிறேன். இந்த ஏற்பாடு நீடிக்க ஒரே நிபந்தனைதான்: ஊரில் இருக்கும்போது வேலை மந்தமாகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 14 அங்குல லேப்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது கஷ்டம். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் லாக், நடுவில் மீட்டிங்.

மாலையில் என் பொழுதுபோக்கான கல்வெட்டு வாசிப்புக்கும் இதே பிரச்சினை. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஒரு எழுத்து 'க'வா 'க்'கா என்பதைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லின் போட்டோவும் நான் படியெடுக்கும் வரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கண் ஒப்பிடும். ஜன்னல் மாற்றி மாற்றிப் பார்த்தால் பத்தாவது வரியில் இடம் தவறிவிடும்.

கையடக்க மானிட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தேடியதில் எனக்குத் தெளிவான விஷயம் இது: மலிவான திரை நமக்கு உதவுமா என்பதைத் திரை முடிவு செய்வதில்லை. லேப்டாப்பின் போர்ட்டும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் காசில்லாத வழி

வீட்டில் பழைய லேப்டாப் கிடந்தால், விண்டோஸில் உள்ள வயர்லெஸ் டிஸ்ப்ளே வசதியால் அதையே இரண்டாம் திரையாக்கலாம். ஐபேட் இருந்தால் 2019-இல் வந்த சைட்கார் வசதி மேக்குக்கு இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு ஸ்பேஸ்டெஸ்க் போன்ற மென்பொருள்கள் உண்டு. வைஃபையில் போவதால் சின்னத் தாமதம் தெரியும். டைப் அடிக்க எரிச்சலாக இருக்கும். ஆனால் பி.டி.எஃப்.பைத் திறந்து வைத்துப் படிக்க இதுவே போதும். உங்கள் தேவை அவ்வளவுதான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போர்ட்: ஓட்டை ஒன்று, வேலை வேறு

டைப்-சி என்பது இணைப்பின் வடிவத்துக்குத்தான் பெயர். அதன் வழியே படம் போகுமா என்பது தனிக் கேள்வி. படம் போக 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி வேண்டும். 2014-இல் வந்த தரம் இது. ஆனாலும் விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் டைப்-சி வெறும் டேட்டாவுக்கு மட்டும்தான். போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, 'டி'க்குள் 'பி' வைத்த குறியோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருந்தால் ஒரே கேபிளில் படமும் கரண்டும் போய்விடும். ஆனால் போனோடு வந்த சார்ஜிங் கேபிள் இதற்கு உதவாது. அதில் படத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் பெரும்பாலும் இருக்காது. மானிட்டரோடு வரும் கேபிளைத் தொலைக்காதீர்கள்.

இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. வழி. மானிட்டர் பக்கம் பெரும்பாலும் மினி எச்.டி.எம்.ஐ. இருக்கும், கரண்டுக்குத் தனியாக இன்னொரு கேபிள். அதை லேப்டாப்பின் பழைய யூ.எஸ்.பி. போர்ட்டில் சொருகினால் சிக்கல் வரும். யூ.எஸ்.பி. 2 தருவது 2.5 வாட், யூ.எஸ்.பி. 3 தருவது 4.5 வாட். திரைக்கு வேண்டியது ஏறக்குறைய 8 வாட். வெளிச்சத்தைக் கூட்டியதும் திரை அணைந்து அணைந்து எரியும். திரையில் குறையில்லை, கரண்ட் பற்றவில்லை என்று அர்த்தம். போன் சார்ஜரில் போட்டால் சரியாகிவிடும்.

மூன்றாவதாக டிஸ்ப்ளேலிங்க் என்று ஒன்று உண்டு. சாதாரண யூ.எஸ்.பி. வழியாகவே படம் போகும். ஆனால் டிரைவர் நிறுவ வேண்டும், பிராசஸருக்கும் கொஞ்சம் வேலை கூடும். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

கரண்ட் கணக்கு

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் பிற்பகல் தாண்டித்தான் வரும். தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் பழகிய விஷயம். அன்றைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லேப்டாப் பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேலைக்கு 12 வாட் எடுத்தால் நாலு மணி நேரம் தாங்கும். அதே பேட்டரியிலிருந்து 8 வாட் திரைக்கும் போனால் மொத்தம் 20 வாட். இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இதற்கு வழி, கரண்டுக்கென்று இரண்டாவது டைப்-சி போர்ட் உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்குவது. அதில் பவர் பேங்கைச் சொருகலாம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. வோல்டேஜ் மாற்றத்தில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் சுமார் 60 கிடைக்கும். திரை ஏழு மணி நேரம் ஓடும், லேப்டாப் பேட்டரியைத் தொடாமல். சில மானிட்டர்களில் இதே போர்ட்டில் லேப்டாப் சார்ஜரைச் சொருகினால், கரண்ட் திரை வழியாக லேப்டாப்புக்கும் போகும். போர்ட் குறைவான லேப்டாப்புக்கு இது பெரிய உதவி. லெனோவோவின் திங்க்விஷன் எம்14 அப்படி ஒன்று.

கூடவே ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூ.பி.எஸ். போட்டுவிடுங்கள். திரை எரிந்து நெட் இல்லாமல் போனால் பிரயோஜனமில்லை.

வெளிச்சம்

மலிவுத் திரைகளில் 250 நிட்ஸ் என்று போட்டிருப்பார்கள். மூடிய அறைக்கு இது போதும். எங்கள் பக்கத்து வீடுகளில் விஷயம் வேறு. வளவில் வானத்து வெளிச்சம் நேராக இறங்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் அதை வாங்கித் திருப்பி அடிக்கும். அங்கே உட்காருவதென்றால் 300-க்குக் குறையாமல் பாருங்கள். அதைவிட முக்கியம், பளபளப்பில்லாத மேட் திரை. இரண்டும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வளவுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அளவும் தெளிவும்

15.6 அங்குலத்தில் 1920-க்கு 1080 என்றால் அங்குலத்துக்கு 141 புள்ளிகள். 'ணை', 'ஞூ' மாதிரிச் சுழி நிறைந்த எழுத்தும் சின்ன அளவில் தெளிவாகவே தெரிகிறது. இந்த அளவுத் திரையில் 4கே-வுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கரண்டும் கூடுதலாக இழுக்கும். 1920-க்கு 1200 கிடைத்தால் எடுங்கள், உயரத்தில் 120 வரிசை புள்ளிகள் கூடுதல். பக்கம் படிப்பவர்களுக்கு நல்லது.

விளம்பரத்தில் '4கே ஆதரவு' என்று இருந்தால், 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றுதான் பொருள். 'நேட்டிவ்' என்று போட்ட எண்ணைப் பாருங்கள். 'எச்.டி.ஆர்.' என்பதை இந்த விலையில் கண்டுகொள்ள வேண்டாம். பேனல் ஐ.பி.எஸ். ஆக இருக்கட்டும், திரை எப்போதும் பக்கத்தில், தாழ்வாக இருப்பதால் சாய்ந்த கோணத்தில்தான் பார்ப்போம்.

நிற்குமா?

காந்த உறையையே மடித்து முட்டுக்கொடுக்கும் வகைதான் மலிவு. சாய்வான இடத்தில் அது வழுக்கும். கணக்குப்பிள்ளை மேசையின் சாய்பலகையில் நிற்கவே நிற்காது. திரையோடு சேர்ந்த கால் இருப்பது நல்லது. 15.6 அங்குலத் திரை முக்கால் கிலோ சொச்சம். உறை, கேபிள் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அடிக்கடி பயணம் என்றால் 14 அங்குலம் தோளுக்கு நல்லது.

வந்ததும் செய்ய வேண்டியவை

இந்த அளவுள்ள திரை பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. பி.ஐ.எஸ். பதிவு எண் பெட்டியிலோ பின்புறமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் மூன்று சோதனை. ஒன்று, முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் போட்டு, செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு, முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மூன்று, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பேங்கில் மட்டும் உங்கள் வழக்கமான அரை நாள் வேலையைச் செய்து பாருங்கள். மூன்றாவதில் தேறினால், பராமரிப்பு நாளன்றும் மீட்டிங்கில் நீங்கள் இருப்பீர்கள்.