திரவிக்கு விளங்கியதும் மூப்பனுக்கு விளங்காததும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, மூட்டை சுமப்போருக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் ஆரியசாலை வந்து சேரும். திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவான கடைவீதி இது. பலசரக்கு, பாத்திரம், பூ, வெற்றிலை என்று எந்தக் கடை முன் நின்றாலும் ஒரு தமிழ்க்குரல் காதில் விழும். அது மதுரைத் தமிழுமல்ல, சென்னைத் தமிழுமல்ல. 'அம்மை', 'பாட்டா', 'ஆச்சி' என்று பேசும் தென்திருவிதாங்கூர்த் தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது, இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர் ஒரே இரவில் அடுத்த மாநிலமாகி விட்டது.

அந்தப் பேச்சையும், அதைப் பேசும் வீடுகளின் துயரத்தையும் நாவலில் ஏற்றியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர், கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றிய நீல. பத்மநாபன். மற்றவர், சாலைத் தெருவில் 'செல்வி ஸ்டோர்ஸ்' என்ற கடையை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவன். மாதவன் திருவனந்தபுரத்தில் பிறந்தவர்.

பள்ளித் தேர்வில் ஒரு கேள்வி வழக்கமாக வரும். 'இன்னாரின் குணநலன்களை விவரிக்க.' மாணவரும் அன்பு, அடக்கம், தியாகம் என்று தலைப்புப் போட்டு எழுதி ஐந்து மார்க் வாங்கிவிடுவார். இந்த இருவரின் நாவல்களில் அந்த வித்தை பலிக்காது. நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பட்டியல் போட உட்கார்ந்தால், பாதிப் பேரை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட வேண்டியதுதான்.

1968-இல் வெளிவந்த 'தலைமுறைகள்' நாவலை எடுத்துக்கொள்வோம். கதை நடக்கும் ஊர் இரணியல். இன்று திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வண்டியில் ஏறினால் இரணியல் ஸ்டேஷனில் இறங்கலாம். ஆனால் இந்தப் பாதை திறந்தது 1979-இல்தான். அதற்கு முந்திய உலகம் கதையில் வருவது. ஏழூர்ச் செட்டிமார் குடும்பம் ஒன்று. அதில் திரவி என்ற பையன். அவனுடைய கண் வழியாகத்தான் வீட்டையும் தெருவையும் ஊரையும் நாம் பார்க்கிறோம். உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகளைக் கேட்டு வளருகிறான். அவன் அக்காள் நாகம்மையை செவத்தபெருமாளுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். அவள் பெண்ணே அல்ல என்பது கணவன் வீட்டார் சொல்லும் குற்றம். உண்மையில் குறை அவனிடம்.

செவத்தபெருமாள் ஏன் அப்படிச் சொன்னான்? பணத்தாசை, கொடுமைக்குணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவன் நிலையில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். ஆண்மை இல்லாதவன் என்று ஊர் சொன்னால் அந்தத் தெருவில் அவனால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உண்மை வெளியே வருமுன் அவன் முந்திக்கொள்ள வேண்டும். அவமானத்தை யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். பக்கத்தில் வாய் பேச முடியாமல் நிற்பவள் மனைவி. அச்சத்தில் பிறந்த பொய் அது. அதனால் அவன் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆனால் அடுத்த அடி என்ன எடுத்து வைப்பான் என்று ஊகிக்க, அந்த அச்சத்தைத் தெரிந்துகொண்டால்தான் முடியும்.

அதைவிடக் கடினமானது பெண் வீட்டாரின் மனம். பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வந்தால் கொதித்தெழ வேண்டாமா என்று இளம் வாசகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இத்தகைய விஷயத்தை மறுக்க வேண்டுமானால் முதலில் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான்கு பேர் கூடிய சபையில் எந்த வார்த்தையைக் கொண்டு சொல்வது? பேரன் பேத்திகள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஆச்சியும் பழைய வழக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுக்கு அன்பும் வழக்கமும் இரண்டல்ல. வழக்கப்படி செய்வதுதான் அவள் அறிந்த அன்பு.

இதற்கு நடுவில்தான் பையன் பெரியவனாகிறான். வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது சிறுவர்களுக்குச் சொற்கள் கேட்கும், பொருள் விளங்காது. அக்காள் ஏன் திரும்பி வந்தாள், அம்மை ஏன் அழுகிறாள் என்பது அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் பிடிபடுகிறது. பொருள் விளங்க விளங்க அவனுடைய சிறுபிராயம் கழிகிறது. மீசை அரும்பியதாலோ வேலை கிடைத்ததாலோ அல்ல, அக்காளுக்கு நேர்ந்தது இன்னதென்று புரிந்து, அதற்காக ஊரை எதிர்த்து நிற்கத் துணியும்போதுதான் அவன் ஆளாகிறான். முடிவை இங்கே சொல்வது முறையல்ல. இந்தக் கதையே 2010-இல் 'மகிழ்ச்சி' என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்க வேண்டும். ஆச்சியின் பேச்சு முழுவதும் புத்தகத்தில்தான் இருக்கிறது.

பெற்றவர் பக்கம்

இதே ஆசிரியரின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) திருவனந்தபுரத்து வீதிகளிலேயே நடக்கிறது. அழகியான மனைவி விட்டுப் போனபின் இரண்டு குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய அனந்தன் நாயர், தம் ஐம்பதாவது வயதில் நகரைச் சுற்றி நடந்தபடியே பழையதை எண்ணிப் பார்க்கிறார். பிள்ளைகளுக்காகவே வாழ்ந்ததாக அவர் கணக்கு வைத்திருக்கிறார். பிள்ளைகளின் கணக்கு வேறாக இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டவர்கள்தான். ஆனால் நடந்தது என்ன என்பதில் தகப்பனும் மக்களும் ஒத்துப் போவதில்லை. 'தலைமுறைக'ளை அடுத்து இதைப் படிப்பவர்களுக்கு, பையனின் இடத்திலிருந்து எழுந்து தகப்பனின் நாற்காலியில் உட்கார்ந்தது போலிருக்கும்.

மூப்பனின் வெறுப்பு

ஆ. மாதவனின் 'புனலும் மணலும்' (1974) இன்னும் கசப்பானது. ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி மூப்பன், ஏற்கனவே ஒரு பெண் குழந்தை உள்ள தங்கம்மையை விரும்பித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அந்தக் குழந்தைதான் பங்கி. அழகில்லாத பெண். அவளை மூப்பனால் சகிக்க முடிவதில்லை. அவள் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை.

மூப்பன் குடிகாரனாகவோ சோம்பேறியாகவோ இருந்திருந்தால் வாசகருக்கு வேலை மிச்சமாகியிருக்கும். அவன் உழைப்பாளி. சொந்த இரத்தமில்லாத தாமோதரனிடம் பிரியமாக இருக்கத் தெரிந்தவன். ஆகவே அன்பில்லாத மனிதன் என்றும் தள்ளிவிட முடியாது. தான் நேசித்தவளுக்குத் தனக்கு முன்பே ஒரு வாழ்வு இருந்தது என்பதற்கு அந்தப் பெண் கண்முன் நிற்கும் சாட்சி என்பதாலா? தாயின் சாயல் அவளிடம் இல்லாததாலா? காரணம் இதுதான் என்று மாதவன் முடித்து வைக்கவில்லை. கடைத்தெருவில் தினமும் ஆயிரம் முகங்களைப் பார்த்தவர் அவர். மனிதன் தன் வெறுப்புக்குத் தானே காரணம் தெரியாமல் அலைவதையும் பார்த்திருப்பார் போலும். முதல் 'விஷ்ணுபுரம்' விருது 2010-இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2015-இல் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. 2021 ஜனவரி 5-ஆம் நாள் காலமானார்.

இந்தப் பகுதித் தமிழ் வீடுகளில் இன்று பிள்ளைகள் பலர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் பாடம் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குச் சமையலறைப் பேச்சோடு நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த நாவல்களின் நடை புரியாது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சமையலறைப் பேச்சுதான் இவற்றின் நடை. ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர்கள் கேட்டால் போதும். மாற்றான் குழந்தை என்றும், லட்சணமில்லாதவள் என்றும் கரித்துக்கொட்டப்படும் பங்கியின் பகுதி வரும்போது, பெரியவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க நேரலாம். அப்போது சிறியவர்கள், மூப்பன் ஏன் இப்படி இருக்கிறான் என்று கட்டாயம் கேட்பார்கள்.