எலுமிச்சை ஊரிலும் வெக்கை! - பூமி சூடானால் நம் உடம்பு என்ன ஆகும்?

'உஸ்ஸ்... அப்பாடா, என்னா வெயில்!' என்று சொல்லிக்கொண்டே வாசல்படி ஏறுகிற விருந்தாளிக்கு நம் வீடுகளில் முதலில் என்ன கொடுப்போம்? உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ்தானே! அந்தப் பழம் எந்த ஊர் சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தென் மாவட்டங்களில் பல கடைகளில், 'புளியங்குடி பழம்மா, சாறு நிறைய இருக்கும்' என்று பதில் வரும்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. 'எலுமிச்சை நகரம்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. இங்கே மார்க்கெட்டில் மூட்டை கட்டுகிற பழம் கேரளா வரை போகிறது. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெயிலுக்கு இதமான பழத்தைத் தருகிற இந்த மரத்தையே இப்போது வெயில் பதம் பார்க்கிறது என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்றா சொன்னோம்? வேதனை!

வெக்கை ஒரேயடியாக ஏறினால் எலுமிச்சையில் பூவும் பிஞ்சும் உதிரும். தண்ணீர் போதாவிட்டால் காய் சிறுத்து, சாறு குறையும். சரி, மழை வந்தால் நல்லதுதானே? பூத்திருக்கும் நேரத்தில் பருவம் தப்பிக் கொட்டினால் அதிலும் பூ போய்விடும். மழைச் சாரலும் காற்றும் சேர்ந்து சொறிநோயை மரத்துக்கு மரம் பரப்பும்.

2022 ஞாபகம் இருக்கிறதா? 1901-லிருந்து வைத்திருக்கும் கணக்குப்படி, இந்தியாவில் அதுவரை வந்ததிலேயே சூடான மார்ச் மாதம் அந்த வருஷத்து மார்ச்தான். அடுத்த மாதமே நாட்டின் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. வெயில் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. டீசல் விலை ஏற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும், எங்கேயோ வட துருவத்தில் பனி உருகுகிற சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த 'பூமி சூடாவது', சத்தமில்லாமல் நம் காய்கறிப் பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

பைக்குள் வந்தது உடம்புக்குள் வராமல் இருக்குமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பூமிக்கு ஏன் சூடு ஏறுகிறது?

மார்கழிக் குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறோம். போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பூமிக்கும் இப்படி ஒரு போர்வை இருக்கிறது. கரியமில வாயு, மீத்தேன், நீராவி போன்றவை சேர்ந்த காற்றுப் போர்வை அது. வெயிலில் காய்ந்த பூமி திருப்பி அனுப்புகிற வெப்பத்தில் ஒரு பகுதியை இது பிடித்து வைத்துக்கொள்கிறது.

இந்தப் போர்வை நல்லதுதான். இது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். மனுஷனும் இல்லை, மாடும் இல்லை, எலுமிச்சையும் இல்லை! தொல்லை எங்கே என்றால், போர்வை கனத்துக்கொண்டே போவதுதான்.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால், காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 1958-ல் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி, வண்டிக்குப் போடும் பெட்ரோல், டீசல், சிமென்ட் ஆலை, காடு அழிப்பு - இதெல்லாம் கரியமில வாயுவின் கணக்கு. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயல், ஆடு மாடுகளின் அசைபோடும் வயிறு, ஊருக்கு வெளியே மலை மாதிரி குவித்த குப்பை - இவையெல்லாம் மீத்தேன் கணக்கு. அளவில் கொஞ்சமே ஆனாலும், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிக்கிற சாமர்த்தியசாலி இது! வயலில் அளவுக்கு மீறிக் கொட்டும் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு வருகிறது. ஏ.சி., ஃப்ரிட்ஜில் இருந்து கசியும் வாயுக்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி.

நூறு வருஷத்துக்கும் மேலாக அதிகம் புகை விட்டவை பணக்கார நாடுகள்தான். ஆனால், வெயிலுக்கு பாஸ்போர்ட் தேவையில்லையே! புகை விட்டவர் எங்கேயோ இருக்க, புளியங்குடியில் தோட்டத்தில் காய் பறிக்கிறவருக்கும் அது காந்துகிறது.

ஒன்றரை டிகிரி... இவ்வளவுதானா?

உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024-ம் வருஷம் இதுவரை பதிவானதிலேயே சூடான வருஷம். 1850-1900 கால சராசரியைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம். 2015-ல் பாரிஸில் கூடிய நாடுகள், 'நீண்டகால சராசரி ஒன்றரை டிகிரியைத் தாண்டாமல் இருக்கப் பாடுபடுவோம்' என்று ஒப்பந்தம் போட்டார்களே, அந்தக் கோட்டை ஒரு முழு வருஷம் தாண்டியது அதுவே முதல் முறை.

'ஒன்றரை டிகிரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று தோன்றலாம். நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அது 38.5 ஆனால் நாம் என்ன செய்வோம்? ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்! பூமிக்கும் அப்படித்தான்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டவும் செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர்! 2024 மே 17-ம் தேதி, சீசன் தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. இந்த ஒரு மழைக்கு, இந்த ஒரு வெள்ளத்துக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டுவது சரியல்ல. ஆனால், பூமி சூடாகச் சூடாக, குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை அதிகமாகும் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை. அருவிக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள், மலையில் மேகம் கறுத்தாலே கரையேறிவிட வேண்டும். போலீஸ்காரர் விசில் அடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்புக்கு இயற்கை கொடுத்த ஏ.சி. வியர்வைதான். வியர்வை காய்ந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாது; வழியும், அவ்வளவுதான். அதனால்தான் 'வெயில் கம்மிதான், ஆனா புழுக்கம் தாங்கல' என்கிற நாட்களில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம், ராத்திரி. பகலில் தவித்த இதயமும் மூளையும் ராத்திரிக் குளுமையில்தான் ஓய்வெடுக்கும். பகல் முழுக்கக் காய்ந்த கான்க்ரீட் மாடி, ராத்திரி முழுக்கச் சூட்டைக் கக்கினால் ஓய்வு எங்கே? தூக்கம் கெடும், பி.பி. ஏறும். மறுநாள் வெயிலை ஏற்கெனவே களைத்துப்போன உடம்போடு சந்திக்க வேண்டியிருக்கும். வெப்ப அலையில் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயலில், தோட்டத்தில், கட்டடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து அதிகம். வியர்த்துக்கொண்டே இருந்து, தண்ணீர் குடிக்காமல் விட்டால் சிறுநீரகம் கஷ்டப்படும். 'ஒதுங்க இடமில்லையே' என்று தண்ணீரையே தவிர்க்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். தென்காசி மாவட்டத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். தகரக் கூரைக்கு அடியில் பகல் முழுக்க உட்கார்ந்தால், 'நிழலில்தானே இருக்கிறோம்' என்பது ஆறுதல் ஆகாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இரட்டைக் கவனம் தேவை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்கு, கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

கொசுவையும் மறந்துவிடாதீர்கள். கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் வளர்வதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சூடு ஓரளவு கூடினால் அந்த நாட்கள் குறையும். வெயிலுக்குப் பயந்து குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். மூடி வைக்காவிட்டால் நாமே கொசு வளர்க்கிற மாதிரி!

களைப்பா, ஆபத்தா? கண்டுபிடிப்பது எப்படி?

முதல் கட்டம்: வேர்க்குரு, கை கால் தசைப்பிடிப்பு. நிழலில் உட்கார்ந்து தண்ணீரும் உப்புச் சத்தும் எடுத்துக்கொண்டால் சரியாகும்.

இரண்டாம் கட்டம்: தலைசுற்றல், தலைவலி, வாந்தி, ஏகப்பட்ட வியர்வை, சோர்வு. வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் டாக்டர்தான்.

மூன்றாம் கட்டம் ஹீட் ஸ்ட்ரோக்: உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். தோல் காய்ந்தும் இருக்கலாம், வேர்த்தும் இருக்கலாம். 'வேர்க்குதே, அதனால பயமில்ல' என்று இருந்துவிடாதீர்கள்!

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் அல்லது ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஜூஸோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணம் வாங்கும் நிலை யார் வீட்டுக்கும் வரவேண்டாம் என்பதுதான் நம் ஆசை.

எலுமிச்சை ஜூஸ் போதுமா?

தினசரி தாகத்துக்கு உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை ஜூஸ், நீர்மோர், பானகம், இளநீர், நீராகாரம் எல்லாமே அருமை. நிறைய வியர்த்துவிட்டாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ அளவு முக்கியம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பு இதற்கு மேல் போகக் கூடாது. பி.பி., சிறுநீரகக் கோளாறு, இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் உப்பு, இளநீர், பானகம் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இல்லத்தரசிகளே, இதோ உங்களுக்கு!

* பகல் 12 முதல் 3 வரை வெளி வேலை வேண்டாம். வீட்டுக்கு வரும் வேலைக்காரம்மா, கொத்தனார், சிலிண்டர் போடுகிறவர் - கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.

* சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

* மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். உள்ளே சூடு குறையும்.

* ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் மூடி வையுங்கள்.

* நீர் பிரியும் மாத்திரை, மனநல மாத்திரை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன் டாக்டரைப் பாருங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

* தனியாக இருக்கும் பெரியவர்களை, காலையும் மாலையும் ஒரு குரல் கொடுத்து விசாரியுங்கள்.

போர்வையை மெலிய வைக்க...

'நான் ஒரு ஆள் லைட்டை அணைத்தால் பூமி குளிர்ந்துவிடுமா?' என்று கேட்கலாம். ஒரு வீட்டால் ஆகாது. நிலக்கரியைக் குறைப்பது சர்க்கார்களும் பெரிய கம்பெனிகளும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்குகிற வேலை நம்முடையது. தென்காசி வட்டாரத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழல்கிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். புகையில்லாத மின்சாரம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது! வீட்டளவில், ஏ.சி.யை 24-க்குக் கீழே இறக்காமல் இருப்பது, பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டரை எடுக்காமல் இருப்பது, மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவது - இத்தனையும் செலவைக் குறைக்கும் காரியங்கள்தான்.

புளியங்குடி இயற்கை விவசாயத்துக்கும் பேர் வாங்கிய ஊர். மரத்தடியில் இலை தழை, சருகு பரப்பி மூடாக்குப் போட்டால் மண்ணின் ஈரம் காயாது, வேர் சூடாகாது. எலுமிச்சை மரத்தின் வேருக்குக் கிடைக்கிற அந்த நிழலை, வெயிலில் உழைக்கிற மனுஷனுக்கும் கொடுக்க வேண்டாமா? வேலை செய்கிற இடத்தில் ஒரு கீற்றுப் பந்தல், ஒரு பானைத் தண்ணீர், மத்தியானம் ஒரு மணி நேர ஓய்வு. வரப்போகிற கோடைக்கு உங்கள் தெருவிலிருந்தே இதைத் தொடங்கிவிடுங்கள்!