ஐஷேடோ பேலட்: தேர்வும் பாதுகாப்பான பயன்பாடும்

இமையின் இயல்பு

உடலிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில் இருக்கிறது. அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இமை முடிகளுக்குச் சற்று உட்புறமாக மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவை சுரக்கும் எண்ணெய்ப்பசை, கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் காக்கிறது. ஒப்பனைத் தூள் படிந்து இந்த வாய்கள் அடைபட்டால் கண் உலர்வு, இமை அழற்சி, கண்கட்டி போன்ற தொல்லைகள் வரலாம். எனவே பேலட் வாங்கும்போது நிறத்தோடு அதன் தன்மையையும் பார்க்க வேண்டும்.

பேலட்டில் உள்ளவை

தூள் ஐஷேடோவின் அடிப்படைப் பொருட்கள் பெரும்பாலும் டால்க்கும் மைக்காவும். பழுப்பு, செம்மண், கறுப்பு நிறங்களை இரும்பு ஆக்சைடுகள் தருகின்றன. வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, நீலத்துக்கு அல்ட்ராமரைன், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு சேர்க்கப்படுகின்றன. மேட் வகையில் மினுக்கம் இருக்காது. ஷிம்மர் வகையில் ஆக்சைடு பூசிய மைக்காத் துகள்கள் ஒளியைப் பிரதிபலிக்கின்றன. கிளிட்டரில் இருப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் துணுக்குகள். கைவினைப் பொருட்களுக்கு விற்கப்படும் கிளிட்டரை இமையில் போடவே கூடாது; அதன் கூரிய விளிம்பு கருவிழியைக் கீறிவிடும்.

லேபிளைப் படித்தல்

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்கள் 1940ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2020ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. நிறத்துக்காக ஈய, ஆர்சனிக் சேர்மங்களைப் பயன்படுத்த இவ்விதிகள் தடை விதிக்கின்றன. சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், காலாவதி நாள், உட்பொருட்கள் ஆகியவை அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் பதிவுச் சான்றிதழ் எண் இருக்கும். இவை எதுவும் இல்லாத மலிவு நகல்களைத் தவிர்ப்பது நல்லது. சில பேலட்களில் குறிப்பிட்ட நிறங்கள் கண்பகுதிக்கு உகந்தவை அல்ல என்று சிறு எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். அடர் சிவப்பு, ஊதா நிறங்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

தோற்றத்துக்கு ஏற்ற நிறங்கள்

மாநிற, கருநிற இமைகளில் செம்பு, வெண்கலம், செங்கல், மரூன், பிளம் நிறங்கள் தெளிவாக எடுபடும். வெளிர் நிறங்கள் சாம்பல் பூத்தாற்போல் தெரியக்கூடும். அடியில் பிரைமர் பூசினால் இக்குறை குறையும்.

அலுவலகம், கல்லூரி: இரண்டு மேட் நிறங்கள் போதும். தோல் நிறத்தை ஒட்டிய ஒன்றை இமை முழுவதும், சற்று அடர்ந்த பழுப்பை இமை மடிப்பிலும் பூசலாம்.

முகூர்த்தம்: ஹோமப் புகையில் கண் கலங்கும், வியர்வையும் சேரும். உதிரும் கிளிட்டரை விட்டு, பட்டுப்புடவையின் கரைக்கு ஒத்த மரூன் மேட்டும் நடு இமையில் கொஞ்சம் தங்க ஷிம்மரும் போடுவது பொருத்தம்.

ரிசப்ஷன்: வீடியோ விளக்கொளியில் நிறங்கள் வெளிறித் தெரியும் என்பதால் வெளிமூலையை அடர்த்தியாக்கலாம். கறுப்பும் அடர்பழுப்பும் கலந்த ஸ்மோக்கி தோற்றமும் இதற்கு ஏற்றது.

சுருக்கம் விழுந்த இமைகளில் ஷிம்மர் சுருக்கத்தை எடுப்பாகக் காட்டும். அங்கே மேட் நிறமே சிறந்தது.

பூசும் முறை

கைகளைக் கழுவி, இமையைத் துடைத்து, மெல்லிய பிரைமர் பூச வேண்டும். பிரஷில் எடுத்த தூளைத் தட்டி உதறிய பிறகே இமைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவதே வரிசை. முடி வரிசைக்கு உட்புறமான ஈர விளிம்பில் தூள் படக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் ஒப்பனைக்கு முன் லென்ஸைப் போட்டு, ஒப்பனையைக் கலைப்பதற்கு முன் கழற்ற வேண்டும். ஓடும் பேருந்திலோ ஆட்டோவிலோ கண்ணுக்கு ஒப்பனை செய்தால், ஒரே குலுக்கலில் கருவிழி கீறுபடலாம்.

தூய்மையும் பகிர்வும்

திருமண வீடுகளில் ஒரே பேலட்டும் ஒரே பிரஷும் பலர் கைமாறுவது வழக்கம். மெட்ராஸ் ஐ எனப்படும் கண் நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் அடினோ வைரஸ், பொருட்களின் மேற்பரப்பில் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆகவே அழகுக்கலைஞர் சுத்தமான தகட்டில் தூளைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனி அப்ளிகேட்டர் பயன்படுத்துவதே சரி. சொந்தப் பிரஷை வாரம் ஒருமுறை மென்மையான சோப்பில் கழுவி முழுதும் உலர்த்த வேண்டும். தூளில் எச்சிலோ தண்ணீரோ கலக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பேலட்டை வைத்தால் கிரீம் வகைகள் உருகிக் கெடும். திறந்த மூடிப் படத்தில் 12எம் என்றிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும். கண் நோய் வந்தபோது பயன்படுத்தியதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இரவில் படுக்கும்முன் ஒப்பனையைத் தேய்க்காமல் துடைத்தெடுப்பது கட்டாயம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

புதுப் பேலட்டை முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்தால் ஒவ்வாமை பெரும்பாலும் தெரிந்துவிடும். இமையில் அரிப்பு, வீக்கம், தோல் உரிதல் கண்டால் ஒப்பனையை உடனே நிறுத்த வேண்டும். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவ வேண்டும். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, சீழ் ஆகியவை இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி ஊற்றுவது ஆபத்து. காட்டுப்பாக்கத்தினருக்குப் போரூர், பூந்தமல்லி மருத்துவமனைகள் பக்கம். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.