ஞாயித்துக்கிழமை சாப்பாடு... ‘உன் வீட்டுல’!

கேம்பஸ்ல வேலை கிடைச்சாச்சு. ‘அடுத்து ஆன்சைட்... அமெரிக்காவா, லண்டனா?’னு கனவுல மிதந்துட்டு இருக்கீங்க. அப்ப மேனேஜர் கூப்பிட்டு, “மெக்ஸிகோ போறியா தம்பி?”ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க பாஸ்?

என் பெரியம்மா பையன் கெத்தா “ஓகே சார்” சொல்லிட்டார். அப்புறமா வீட்டுக்கு வந்துதான், அது எந்தப் பக்கம் இருக்குன்னு மேப்ல தேடினார். 2022 ஆகஸ்ட்ல மெக்ஸிகோ சிட்டியில இறங்கினவர், இன்னும் அங்கேயேதான் இருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில நான் போன் போட்டா, அவருக்கு அப்பத்தான் சனிக்கிழமை ராத்திரி. அப்படி விடிய விடியப் பேசிச் சேர்த்த கதை இது. ஆபீஸ் கதை இல்லீங்க... வீட்டுக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் நடக்கிற கதை!

மிக்ஸி செஞ்ச சதி

முதல் அடி, கிச்சன்ல. பெரியம்மா ஆசையா பேக் பண்ணிக் கொடுத்த மிக்ஸியை, பின்னை மாத்தி சொருகிப் போட்டா... ‘ர்ர்ர்’னு ஒரு முனகல், அவ்வளவுதான்! அங்க வீட்டு கரன்ட் 127 வோல்ட். நம்ம மிக்ஸி கேக்கிறது 230. வோல்டேஜ் பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தா, பவர் மூணுல ஒரு பங்குகூடத் தேறாது. பேஸிக் எலெக்ட்ரிக்கல் பேப்பர்ல அரியர் வச்சவங்க, இதையாவது நோட் பண்ணிக்கோங்க!

அடுத்த அடி, பருப்பு. ரெண்டு மணி நேரம் கொதிச்சும் கல்லு மாதிரி கிடந்துச்சாம். ஊரே கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஊட்டிப் பக்கம் மாதிரி. தண்ணி 92, 93 டிகிரியிலேயே கொதிச்சிடும்; அதுக்கு மேல சூடு ஏறாது. கடைசியில ஒரு பிரஷர் குக்கர் வாங்கினப்புறம்தான் சாம்பார் சாம்பாரா ஆச்சு.

சத்தத்தைப் படி மச்சி!

அந்த ஊர்த் தெருவுல எல்லாமே சத்தம்தான். “எல் காஸ்!”னு இழுத்துக் கத்தினா, சிலிண்டர்காரர். கையில மணி அடிச்சுட்டே போனா, குப்பை லாரி வருதுன்னு அர்த்தம். பையைத் தூக்கிட்டுக் கீழ ஓடணும். ஒரு சின்னப் பொண்ணு குரல் ஸ்பீக்கர்ல அழுகிற மாதிரி ராகம் போட்டா, பழைய இரும்பு வியாபாரி. ராத்திரி எட்டு மணிக்கு ரயில் விசில் கேட்டு அண்ணன் அலறியடிச்சு எட்டிப் பார்த்தா, தள்ளுவண்டியில சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு!

எல்லாச் சத்தமும் பழகிடுச்சு. ஒரே ஒரு சத்தம்தான் அவருக்குப் புரியலை. ‘புவேனோஸ் தியாஸ்’.

காலை வணக்கம், அவ்வளவுதான் அர்த்தம். ஆனா அங்க அதைச் சும்மா விட முடியாது. லிஃப்ட்ல ஏறினா சொல்லணும், கடைக்குள்ள நுழைஞ்சா சொல்லணும். ஹோட்டல்ல யாரோ முன்பின் தெரியாதவர் சாப்பிட்டுட்டு இருந்தாக்கூட, தாண்டிப் போறப்ப ‘ப்ரோவெச்சோ’ன்னு சொல்லிட்டுப் போறாங்க. ‘நல்லா சாப்பிடுங்க’ன்னு அர்த்தம். நம்ம ஆள் காதுல இயர்போன். கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில தினமும் வணக்கம் சொல்வாங்களாம். அறுபது வயசு இருக்கும். இவர் லேசா தலையை ஆட்டிட்டு ஓடிடுவார். மூணு வாரத்துல அந்த அம்மா சொல்றதை நிறுத்திட்டாங்க. அண்ணன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ராத்திரி 1.16

2022 செப்டம்பர் 22. நடு ராத்திரி தாண்டிடுச்சு. திடீர்னு தெரு முழுக்க சைரன்.

அந்த ஊருக்கு செப்டம்பர்னாலே ஒரு நடுக்கம் உண்டு. 1985 செப்டம்பர் 19-ல் வந்த பூகம்பம் ஆயிரக்கணக்கான உயிர்களை எடுத்துச்சு. 2017-ல் அதே தேதியில மறுபடியும். அந்தத் தேதியில வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும். 2022-லயும் நடந்துச்சு. முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள நிஜமாவே பூமி ஆடுச்சு! அன்னிக்கு அண்ணன் ஆபீஸ்ல இருந்தார். எல்லாரும் ஓடின பக்கம் இவரும் ஓடினார். மூணு நாள் கழிச்சு அந்த ராத்திரியில... தனியா.

பசிபிக் கரையோர சென்சார்கள் அதிர்வைப் பிடிச்சதும் ரேடியோ சிக்னல் கிளம்பிடும். பூகம்ப அலை செகண்டுக்குச் சில கிலோமீட்டர்தான் ஓடும். ரேடியோவுக்கு ஒளியோட வேகம். அந்த இடைவெளிதான் ஊருக்குக் கிடைக்கிற டைம். ஒரு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அந்த டைம்ல அண்ணன் என்ன பண்ணினார் தெரியுமா? பாஸ்போர்ட் தேடினார்!

கதவு படபடன்னு தட்டற சத்தம். “ஹோவென்! ஹோவென்!” தம்பி, தம்பின்னு கூப்பிடற மாதிரி. கீழ் வீட்டு அம்மா. தான் கீழ இறங்கி ஓடாம, மேல ஏறி வந்திருக்காங்க.

அஞ்சு நிமிஷம் கழிச்சு நடுத்தெருவுல, நாய்களும் கம்பளிகளுமா நிக்கிற கூட்டத்துல லுங்கியோட ஒரு தமிழன். குளிர்ல நடுங்கினவர் மேல தன் சால்வையைப் போர்த்தி விட்டாங்களாம். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகலை. திரும்பிப் போனதும் பட்டையும் வெல்லமும் போட்டு ஒரு காபி. “வெல்லம் வாசனை வந்ததும் அழுதுட்டேன்டா” என்றார் அண்ணன். எங்க வீட்டுல இதுவரைக்கும் அவர் அழுது யாருமே பார்த்ததில்லை.

யார் வீடு, எந்த வீடு?

மறுநாள்ல இருந்து இயர்போன் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. ‘புவேனோஸ் தியாஸ்’ முதல்ல இவர் வாயில இருந்து வந்துச்சு. அந்த வாரமே அந்த அம்மா சொன்னாங்க: “ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல சாப்பிடுவோம்.”

அண்ணனுக்கு பகீர். குடும்பத்தோட வர்றாங்களாமே! குக்கர்ல பருப்பு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல்னு தடபுடல் பண்ணிட்டு ரெண்டு மணிக்கு ரெடி. யாரும் வரலை. ரெண்டரை... மூணு... அப்புறம் கதவைத் தட்டினது அவங்க பேரன். “எல்லாரும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கோமே!”

அங்க பண்பா பேசறவங்க ‘என் வீடு’ன்னு சொல்ல மாட்டாங்களாம். தன் வீட்டையே ‘து காசா’, அதாவது ‘உன் வீடு’ன்னுதான் சொல்வாங்க!

சாம்பார்ச் சட்டியோட இறங்கினார் அண்ணன். புளியை ஜூஸாவும் மிட்டாயாவும் சாப்பிடற குடும்பம், அதைப் பருப்புல பார்த்துச் சிரிச்சுது. அப்புறம் சுடச்சுட சோள ரொட்டியைத் தொட்டுச் சட்டியைக் காலி பண்ணிடுச்சு. சாப்பிட்டதும் யாரும் எழுந்திரிக்கலை. அப்படியே மேஜையில உக்காந்து பேசிட்டே இருக்கிறதுக்கு ‘சோப்ரெமேசா’ன்னு ஒரு தனி வார்த்தையே வச்சிருக்காங்க. அண்ணன் மாடி ஏறினப்ப மணி ஏழு!

ஃப்ளைட் ஏறும் முன் கவனிங்க!

* குடிக்க, 20 லிட்டர் கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணி வேண்டாம்.

* ‘அவோரீத்தா’ன்னா டிக்‌ஷனரியில ‘இப்பவே’. நிஜத்துல நம்ம ஊர் ‘தோ வந்துட்டேன்’!

* அறிமுகமான பெண்கள் கன்னத்தோட கன்னம் வச்சு வணக்கம் சொல்வாங்க. ஒரே ஒரு தடவை. பதறாதீங்க!

* சைரன் கேட்டா பாஸ்போர்ட் தேடாதீங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு, “சூப்பர் ஊர்ணா”ன்னு நான் உருக, அண்ணன் திருப்பிக் கேட்டார்: “உன் ரூமுக்கு எதிர் வீட்டுல யாருடா இருக்கா?”

மூணு வருஷமா அதே ரூம். எனக்குத் தெரியலை பாஸ். உங்களுக்கு?