வேகம் வளரும் விதம்

ஓடுதல் எளிய உடற்பயிற்சி. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. வீட்டருகே ஒரு பூங்காவும் பொருத்தமான காலணியும் போதும். ஆகவே, போட்டிகளில் கலந்துகொள்ளாதவர்களும் மகிழ்ச்சிக்காக ஓடுகின்றனர். சில மாதங்கள் ஓடிய பின்னர், இன்னும் விரைவாக ஓட வேண்டும் என்னும் விருப்பம் எழுவது இயல்பு. உடனே பலர் நாள்தோறும் மூச்சிரைக்க ஓடத் தொடங்குகின்றனர். வேகம் கூடுவதற்கு முன்பே கால்வலி வந்துவிடுகிறது. வேகம் வளரும் முறையை அறிந்தோர்க்கு இத்துன்பம் குறையும்.

வாரத்தின் பெரும்பாலான நாள்களில் மெதுவாகவே ஓட வேண்டும். உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேச முடிகிற அளவே அதற்குரிய வேகம். இவ்வாறு தொடர்ந்து ஓடுவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும் ஆற்றல் பெறுகிறது. தசைகளில் நுண்ணிய குருதிக்குழாய்கள் பெருகுகின்றன. அதனால் தசைகளுக்கு உயிர்வளி நிறையக் கிடைக்கிறது. களைப்பு தாமதமாக வருகிறது.

வாரத்தில் ஒரு நாள் விரைவோட்டத்திற்கு உரியது. முதலில் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்ற வேண்டும். பிறகு 400 மீட்டர் விரைந்து ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓட வேண்டும். தொடக்கத்தில் நான்கு சுற்றுகள் போதும். இதனை இடைவெளிப் பயிற்சி என்பர்.

மூன்றாவது தேவை ஓய்வு. கடும்பயிற்சியின்போது தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. ஓய்விலும் உறக்கத்திலும்தான் உடல் அவற்றைச் சீர்செய்து, தசைகளை முன்னினும் வலிமையாக்குகிறது. ஓய்வின்றி ஓடுபவர் வலிமை பெறுவதற்கு மாறாக அதனை இழக்கிறார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஜர் பானிஸ்டரின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவர் மருத்துவ மாணவர். ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். படிப்புக்கிடையே கிடைத்த சிறிது நேரத்தில், கால் மைல் தொலைவை இடையிடையே இளைப்பாறிப் பத்து முறை ஓடிப் பழகினார். ஒரு கட்டத்தில் எவ்வளவு முயன்றும் அவரது சுற்று 61 வினாடிக்குக் குறையவில்லை. அவர் பயிற்சியை நிறுத்திவிட்டு, நண்பருடன் ஸ்காட்லாந்து மலைகளுக்குச் சென்று சில நாள் பாறையேறினார். திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடியில் சுற்றை முடித்தார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் கடந்து, நான்கு நிமிடத்திற்குள் அத்தொலைவை ஓடிய முதல் மனிதர் ஆனார்.

வளரும் பருவத்தினர் ஒன்றை மறத்தலாகாது. எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களில் பனிப்புகை சூழும் நாள்களில் திறந்தவெளியில் விரைந்தோடுவதைத் தவிர்க்க வேண்டும். ஓடாத நாளும் பயிற்சி நாளே. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி ஓடுபவர்க்கும் பொருந்தும்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
சான்று – ஆதாரம்

பயிற்சி
1. மெதுவான ஓட்டத்தால் உடலில் நிகழும் மாற்றங்கள் யாவை?
2. பானிஸ்டரின் வேகம் கூட எது துணைசெய்தது?
3. பிரித்து எழுதுக: உடற்பயிற்சி, மூச்சிரைக்க.
4. 'ஓடாத நாளும் பயிற்சி நாளே' – இக்கருத்தை ஐந்து வரிகளில் விளக்குக.