.315-ஆ, .30-06-ஆ? கடலைக்கொல்லைக்கு ரைஃபிள் தேடிய கதை

ஆலங்குடியில் இருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு பழைய துப்பாக்கி உண்டு. தாத்தா காலத்து ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர். லைசன்ஸ் தவறாமல் புதுப்பிக்கிறார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அந்தத் துப்பாக்கி செய்யும் பிரயாணம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

போன மார்கழியில் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். "ஏம்ப்பா, நீதான் எதையாவது நோண்டிக்கிட்டு இருப்பியே, ஒன்னு பாத்துச் சொல்லு. ரைஃபிளா மாத்திடலாம்னு இருக்கேன். டெக்ஸாஸ்ல இருக்கிற நம்ம பய, முன்னூத்தி எட்டு வாங்குங்கறான். கடைக்காரர் முன்னூத்திப் பதினஞ்சு வாங்குங்கறாரு. இன்னொருத்தரு தர்ட்டி-சிக்ஸ்ங்கறாரு. எதுதான் நல்லது?"

காரணம் காட்டுப்பன்னி. தைலமரக்காட்டு ஓரம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் கடலை. ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உழுது போட்டுவிட்டுப் போயிருந்தன. ட்ராக்டர் கூட அவ்வளவு நேர்த்தியாக உழாது.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டெக்ஸாஸ் பையனின் யோசனை. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. .30-06 அமெரிக்க ராணுவம் 1906-இல் எடுத்துக்கொண்ட தோட்டா. பெயரில் உள்ள 06 அந்த வருஷம்தான். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. கேஸின் நீளம்தான் வேறு: ஒன்று 51 மில்லிமீட்டர், மற்றது 63. நீளமான கேஸில் மருந்து கொஞ்சம் அதிகம் பிடிக்கும், குண்டு கொஞ்சம் வேகமாகப் போகும். இந்த இரண்டில் எது மேல் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் அறுபது எழுபது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். மானுக்கோ பன்னிக்கோ அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் இந்தியாவில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. .308-உம் ராணுவத்தின் 7.62×51 தோட்டாவும் அநேகமாக ஒரே அளவு. நம் ஆயுத விதிகளின்படி, .303 அல்லது 7.62 சர்வீஸ் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள் எதுவும் 'தடை செய்யப்பட்ட போர்'. சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. .30-06-இன் குண்டும் அதே 7.62 மில்லிமீட்டர்தான், சொல்லப்போனால் .308-ஐ விட வலுவானது. ஆனாலும் அதற்கு அனுமதி உண்டு, ஏனென்றால் ராணுவத் தோட்டா அதற்குள் உட்காராது. சட்டம் துப்பாக்கியின் பலத்தைப் பார்க்கவில்லை. அரசாங்கத்தின் தோட்டா உன் துப்பாக்கிக்குள் போகுமா என்று மட்டும் பார்க்கிறது.

இந்தப் பார்வை சுதந்திரத்துக்கு முந்தியது. .315 பிறந்ததே அதனால்தான்.

1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. அதன் பிறகு இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசன்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதோடு இன்னொரு பயமும் இருந்தது: ராணுவத்திலிருந்து திருடப்படும் தோட்டா வெளியாள் துப்பாக்கிக்குப் பொருந்திவிட்டால் என்ன செய்வது? அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவம் பயன்படுத்திய அளவுகளை வெளியாருக்கு இல்லை என்றார்கள். யானை, காட்டெருமை வேட்டைக்கு இருந்த .450 போனது. இங்கிலாந்துக் கம்பெனிகள் அதற்குப் பதிலாக .470, .465 என்று புதிது புதிதாக அளவு கண்டுபிடித்து விற்றன. .303-உம் போனது.

.303 போனதுதான் பெரிய இழப்பு. லீ-என்ஃபீல்டு என்ற அருமையான ரைஃபிள் கையில் இருக்கிறது, அதற்கான தோட்டா கூடாது. ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 8×50 மான்லிக்கர் தோட்டா அப்போதுதான் கைகொடுத்தது. அடியில் விளிம்பு உள்ள கேஸ். விளிம்பின் அளவும் பருமனும்.303-க்குக் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே அதே ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும், பெரிய வேலை இல்லை. ஆனால் .303 தோட்டா அதற்குள் போகாது, கேஸ் 6 மில்லிமீட்டர் நீளம். சர்க்காருக்கும் திருப்தி, வேட்டைக்காரருக்கும் திருப்தி. அந்த எட்டு மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் .315.

ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யம் 1918-இல் கலைந்துபோனது. அந்தத் தோட்டாவை உலகமே மறந்துவிட்டது. இந்தியா மறக்கவில்லை. வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலை இன்றும் .315 ரைஃபிள் செய்கிறது, புனே பக்கத்தில் கட்கி தொழிற்சாலை தோட்டா செய்கிறது. சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் யாரோ கொடுத்த காலி கேஸ் ஒன்று கிடக்கிறது. அடியில் '8 எம்.எம். கே.எஃப்.' என்று பொறித்திருக்கும். கே.எஃப். என்றால் கிர்க்கி ஃபேக்டரி, கட்கிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். சின்ன வயதில் அதை விசிலாக ஊதியிருக்கிறேன்.

இடையில் ஒன்று. உத்தரப்பிரதேசச் செய்திகளில் '315 போர் கட்டா' அடிக்கடி வரும். பட்டறையில் குழாயை வைத்துச் செய்யும் நாட்டுக் கைத்துப்பாக்கி. ஊரில் எளிதாகக் கிடைக்கும் ரைஃபிள் தோட்டா எதுவோ, அதற்குத்தானே பட்டறைக்காரன் குழாய் தேடுவான்? கண்டவர் கைக்குத் தோட்டா போய்விடக் கூடாது என்று தேர்ந்தெடுத்த அளவு கடைசியில் இப்படி ஆனது.

சரி, எது நல்லது என்ற கேள்விக்கு வருவோம். .315-இன் குண்டு கனம், சுமார் 244 கிரெய்ன், அதாவது 15.8 கிராம். பழைய ஆஸ்திரியக் கணக்குப்படி அது வினாடிக்கு 620 மீட்டர் வேகத்தில் கிளம்பும். .30-06-இல் வழக்கமான 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், வேகம் சுமார் 820 மீட்டர். பள்ளிக்கூடத்துச் சூத்திரத்தில் போட்டால் முதலாவதன் ஆற்றல் 3,000 ஜூல் சொச்சம், இரண்டாவது 3,900-க்கு மேல்.

காற்றின் தடையை மறந்துவிட்டு, 200 மீட்டரில் குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்த்தேன். .315 அரை மீட்டர், .30-06 முப்பது சென்டிமீட்டருக்குள். நிஜக் காற்றில் இரண்டுமே இன்னும் இறங்கும், மெதுவான கனக்குண்டு கூடுதலாக இறங்கும். ஆகவே தூரத்துக்கு .30-06. நூறு மீட்டருக்குள் என்றால் .315 எதிலும் குறைச்சல் இல்லை. தோளில் உதைப்பதும் ஏறக்குறைய சமம்தான்: எடையையும் வேகத்தையும் பெருக்கினால் இரண்டு குண்டுக்கும் 9.7-ஐ ஒட்டியே வருகிறது. .30-06-இல் மருந்து அதிகம் என்பதால் அது கொஞ்சம் கூடுதலாக உதைக்கும்.

இதற்கு மேல் துல்லியம் தேடுபவர்கள் அமெரிக்காவில் ரீலோடிங் செய்வார்கள். ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளை கேஸ், அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கேஸ் மட்டும். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடி தோட்டா. நல்ல கேஸ் பல தடவை தாங்கும். டெக்ஸாஸ் பையன் கார் ஷெட்டில் இதைச் செய்கிறான், போட்டோ அனுப்பியிருந்தான். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசன்ஸ் அதற்கு உதவாது. வருஷத்துக்கு இத்தனை ரவை என்று எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவையும் கடையில்தான் வாங்க வேண்டும். லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் என்னிடம் சொன்னவரை, .315 சுலபமாகக் கிடைக்கிறது, .30-06-க்கு அலைய வேண்டும். இங்கே வாங்குபவருக்கு இதுவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

இதெல்லாம் சொன்னதும் சித்தப்பா, "அப்ப முன்னூத்திப் பதினஞ்சுதான்னு சொல்ற" என்றார். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அதற்குள் சட்டத்தின் 13-ஆம் பிரிவையும் படித்துவிட்டிருந்தேன்.

பயிர்ப் பாதுகாப்பு என்று சட்டம் சொல்லும்போது அது நினைப்பது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழக் குழல் துப்பாக்கி தரலாம். அதாவது சித்தப்பாவிடம் ஏற்கெனவே இருப்பது மாதிரி. ரைஃபிள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு வேறு தக்க காரணம் காட்ட வேண்டும். ஏன் இப்படி என்று யோசித்தேன். வழவழக் குழலிலிருந்து போகும் ரவை சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். ரைஃபிள் குழலுக்குள் புரிபோல வெட்டிய வரிகள் குண்டைச் சுழல விடும். சுழலும் குண்டு நேரே நிற்கும், வெகுதூரம் போகும். கொஞ்சம் தூக்கிச் சுட்டால் .30-06 மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். .315-உம் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்குகிற சாதி இல்லை.

நம் பக்கத்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். ஆலங்குடியிலிருந்து வடகாடு, கீரமங்கலம் வரைக்கும் மட்டமான செம்மண் பூமி. தென்னந்தோப்பு, பலா, நடுவில் பூக்கொல்லை. வீடுகள் தெருவாக இல்லை, கொல்லைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். குண்டைத் தடுத்து நிறுத்த ஒரு மேடு கிடையாது. பன்னி வருவது ராத்திரியில். மல்லிகை பறிக்க ஆட்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவதோ விடியாத நேரத்தில்.

2021 டிசம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நார்த்தாமலை பக்கம் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பின்னால் மலையும் இருந்தது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்தப் பையன் படத்த பேப்பர்ல பாத்தேன்" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தோட்டா வாங்கினாலும் அவர் பன்னியைச் சுட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்னியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, லைசன்ஸ் உள்ள ஆளை வைத்துச் சுடச் சொல்லலாம். டெக்ஸாஸ் பையன் அனுப்பிய வீடியோவில் ஒன்று கேரளாவுடையது, சித்தப்பாவின் ஆசைக்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். விவசாயி மனுக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இது விவசாயிக்கு நியாயமா என்று கேட்டால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மனு நகர்வதற்குள் கடலை போய்விடும். நஷ்ட ஈடு கேட்கலாம் என்றாலும், அதற்கு அலைகிற கூலியைச் சித்தப்பாதான் கணக்குப் போட வேண்டும். ஆனால் அந்தக் குறையை ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு ரைஃபிளைக் கொடுத்துத் தீர்க்க முடியும் என்று, அந்த மட்டமான பூமியைப் பார்த்த பிறகு, என்னால் சொல்ல முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ரைஃபிளுக்காக வாங்கிய விண்ணப்பப் படிவம் டிவி மேல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் சோலார் வேலிக்கு எத்தனை மீட்டர் கம்பி வேண்டும் என்று பேனாவால் கணக்குப் போட்டிருந்தார். கூட்டலில் ஒரு தப்பு இருந்தது, திருத்திக் கொடுத்தேன். காலி கேஸை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அது கெடக்கட்டும், பேரன் ஊதுவான்" என்றார்.